பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு வரி

பின்பக்க அட்டையில் நானே எழுதிய ஒரு வரி எவ்வளவு மோசமானது என்பது, 600 பெட்டிகளும் அச்சாகி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. வாங்கிய ஒருவர் படம் எடுத்துப் போட்டு, அது ஊரெல்லாம் சுற்றிய பிறகு தெரிந்தது. "இந்த முறை வரலாற்றை மாற்றுங்கள்!" என்பதுதான் அந்த வரி. இரண்டாம் உலகப் போர்ச் சிப்பாய் பொம்மைகளை வைத்து ஆடும் மேசை விளையாட்டு அது. யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்ற பொருளில் எழுதினேன். ஆனால் அந்த வரிக்கு நேர் கீழே, அட்டையில் பாதியை அடைத்துக்கொண்டு, கறுப்பு நீளக் கோட்டும் உயர்ந்த தொப்பியுமாக நாஜி அதிகாரி நிற்கிறான். இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன அர்த்தம் வரும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வரியை எழுதியது ஒரு நாள். படத்தை வைத்தது மூன்று வாரம் கழித்து இன்னொரு நாள். இரண்டும் சேர்ந்த பிறகு அட்டையைப் புதுக் கண்ணோடு பார்க்க ஒரு ஆளைக்கூட நான் கூப்பிடவில்லை.

அடுத்த 26 நாள் விற்பனைத் தளத்தில் என் பக்கமே இல்லை. கடைகளுக்குப் போன 120 பெட்டியில் 111 திரும்பி வந்தன. நேரடியாக வாங்கிய 143 பேரில் 31 பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தேன். போக வரத் தபால் செலவு, புது ஒட்டுத்தாள், அச்சைத் திருத்திய கூலி எல்லாம் சேர்த்துப் போட்ட முதலில் மூன்றில் ஒரு பங்கு கரைந்தது. தூக்கம் போனதைக் கணக்கில் சேர்க்கவில்லை. போர் பொம்மை, வில்லன் பொம்மை, எதிரிப் படை உள்ள விளையாட்டு என்று சின்ன அளவில் ஏதாவது செய்து விற்க நினைக்கிறவர்களுக்கு இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். 54 மி.மீ. உயரச் சிப்பாய்கள் 48, பச்சையில் 24, சாம்பலில் 24. இரண்டு வண்டிகள், அட்டையில் மடித்துச் செய்யும் 12 சுவர்களும் வீடுகளும், 4 பகடைகள், கொடிகளும் சின்னங்களும் அச்சிட்ட ஒரு தாள், 16 பக்க விதிப்புத்தகம். இதில் பச்சைச் சிப்பாய்கள் எல்லாரும் குனிந்து ஓடுகிறார்கள், தவழ்கிறார்கள், சுமை தூக்குகிறார்கள். சாம்பல் படையின் அதிகாரி மட்டும் நிமிர்ந்து நிற்கிறான். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால், கோட்டின் மடிப்பு முழங்கால் வரை அழகாக விழுகிறது, தாடை சற்றே மேலே. பெட்டியிலேயே நன்றாக வந்த பொம்மை அதுதான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, அட்டையில் அவனையே பெரிதாகப் போட்டதற்குக் காரணமும் அந்தப் பெருமைதான். சோதனை ஆட்டங்களில் பிள்ளைகள் பெட்டியைக் கொட்டியதும் முதலில் கை நீட்டியது அவனை எடுக்கத்தான். அண்ணன் அவனை எடுத்துக்கொள்வான், தம்பிக்குப் பச்சைப் படை. "நான் எந்தப் பக்கமும் சாயவில்லை, இரண்டு படையையும் செய்தேன், அவ்வளவுதான்" என்று பிறகு நான் எழுதியபோது ஒருவர் அந்த அதிகாரியையும் தவழும் பச்சைச் சிப்பாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் பதிலாகப் போட்டார். ஒரு வார்த்தை எழுதவில்லை. என்னிடமும் பதில் இல்லை. உடல் நிலையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வில்லனுக்கு மட்டும் கம்பீரம், மற்றவனுக்கு மண் என்று செதுக்கிவிட்டு நடுநிலை பேசக் கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, அதையும் பாதி செய்திருந்தேன். சாம்பல் படையில் சாதாரணச் சிப்பாய்களின் முகத்தை மட்டும் பல்லைக் கடித்துக் கோணலாகச் செதுக்கியிருந்தேன். எதிரி என்றால் முகமே விகாரமாக இருக்க வேண்டும் என்ற பழைய பழக்கம். பெயர் இல்லாத "தீவிரவாதி" பொம்மைகளில் இது இன்னும் அசிங்கமாகத் தெரியும்: தாடி, தலைத்துணி, வளைந்த மூக்கு. எதிரி என்று ஒரு முகத்தை வரைந்தால், அந்தச் சாயலுள்ள பிள்ளையும் அதே பெட்டியைத் திறக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இதற்குச் செலவில்லாத தீர்வு ஒன்று இருக்கிறது. இரண்டு படைக்கும் ஒரே தலைகளைப் பயன்படுத்துங்கள். தலைக்கவசமும் உடையும் மட்டும் மாறட்டும். ஆறு தலை செதுக்கினால் போதும், செதுக்கும் வேலையும் பாதியாகும்.

பொம்மை வார்க்கும் அச்சு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பணம் அதிகம் போன இடம் அது. சில நூறு பொம்மைகள் வரை சிலிக்கான் அச்சில் ரெசின் என்ற இறுகும் பிசினை ஊற்றிச் சமாளிக்கலாம். ஆனால் ஒரு சிலிக்கான் அச்சு 30 முதல் 50 வார்ப்புக்குள் ஓரம் கிழியத் தொடங்கிவிடும். 600 பெட்டிக்கு 28,800 பொம்மை என்பதால் அலுமினிய அச்சுக்குப் போனேன். உலோக அச்சில் ஒரு கணக்கு உண்டு. பொம்மையில் ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் சுலபம், அச்சில் அந்த இடத்தைக் குடைந்தால் போதும். பொம்மையிலிருந்து எதையாவது நீக்க வேண்டுமென்றால் அச்சில் குடைந்த பள்ளத்தை வெல்டிங் வைத்து நிரப்பி, தேய்த்து, மறுபடி வெட்ட வேண்டும். அதிகாரியின் கைப்பட்டையில் வட்டமும் அதற்குள் ஒரு குறியும் புடைப்பாக இருந்தன. நாஜிகளின் கொக்கிச் சிலுவை இல்லை, வெறும் கோடுகள்தான். ஆனால் 54 மி.மீ. பொம்மையில் கைப்பட்டை 4 மி.மீ. அகலம், படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் எது எது என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் எதை எதிர்பார்க்கிறார்களோ அதுவே தெரியும். அந்த 4 மி.மீ.யை அழிக்க ஆன கூலியில் புதுப் பொம்மை இரண்டு செதுக்கியிருக்கலாம். ஆகவே சின்னம் எதையும் பொம்மையின் மேல் செதுக்காதீர்கள். அந்த இடத்தை வழவழப்பாக விட்டுவிட்டு, வேண்டுமானால் தனித்தாளில் கொடுங்கள். சர்ச்சைக்கு இடமுள்ள பொம்மைகளை அச்சில் தனிச் செருகு துண்டாக வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு அந்தத் துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம், மொத்த அச்சையும் தொட வேண்டாம். ஆரம்பத்தில் கேட்டால் செய்து தருவார்கள். அச்சு வெட்டிய பிறகு கேட்டால் சிரிப்பார்கள்.

இனி சின்னங்கள். ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு, தடை செய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்களைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. கொக்கிச் சிலுவையும் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் மின்னல் கோடுகளும் அதில் அடங்கும். மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். கலை, ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் விளையாட்டுப் பெட்டிக்கு அந்த விலக்கு தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. ஆஸ்திரியாவிலும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. விமான மாடல் ஒட்டுபவர்களுக்கு இது பழகிய விஷயம்: வால் பகுதிச் சின்னம் ஒட்டுத்தாளில் இருக்கவே இருக்காது, அல்லது இரண்டு துண்டாக வெட்டி வரும். வண்டிகளில் போடும் நேர்கோட்டுக் கறுப்பு வெள்ளைச் சிலுவைக்கு அந்தத் தடை இல்லை. நானும் அதையே வைத்தேன், மற்றதை எல்லாம் எடுத்துவிட்டேன். சட்டப்படி சரி, இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன்.

அங்கேதான் இன்னொரு அடி விழுந்தது. "நாஜி சின்னத்தை மறைத்துவிட்டுக் கம்பீரத்தை மட்டும் விற்கிறார்கள்" என்று எழுதினார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் உண்மை இருந்தது. 2017இல் வந்த வுல்ஃபென்ஸ்டீன் இரண்டாம் பாக வீடியோ விளையாட்டுக்கு இதுவே நடந்தது. ஜெர்மன் பதிப்பில் கொக்கிச் சிலுவைகளை நீக்கினார்கள், ஹிட்லரின் மீசையை எடுத்துவிட்டுப் பெயரையும் மாற்றினார்கள். யூதர்களுக்கு நடந்தது பற்றிய குறிப்புகளும் அதோடு போயின. விமர்சனம் நாஜிகளைக் காட்டியதற்காக வரவில்லை, அவர்கள் செய்ததை அழித்ததற்காக வந்தது. அடுத்த ஆண்டு, 2018இல், ஜெர்மனியின் வயதுத் தரநிர்ணய அமைப்பு ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியே பார்த்து, சூழல் சரியாக இருந்தால் சின்னங்களை அனுமதிக்கலாம் என்று நடைமுறையை மாற்றியது. சின்னத்தை எடுத்தால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தது தப்பு. எடுத்த இடத்தில் என்ன வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. என் விதிப்புத்தகத்தில் அந்தப் படை யார், எதற்காக வந்தது என்று ஒரு வாக்கியம்கூட இல்லை. 16 பக்கமும் எத்தனை அங்குலம் நகரலாம் என்பதிலேயே போயிருந்தது.

வயதுக் குறிப்பிலும் தந்திரம் செய்தேன், மாட்டிக்கொண்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டுப் பொம்மைப் பாதுகாப்பு உத்தரவில், 14 வயதும் அதற்கு மேலும் உள்ள சேகரிப்பாளர்களுக்கான நுணுக்கமான அளவு மாடல்கள் பொம்மை என்ற கணக்கில் வராது. அமெரிக்காவில் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு என்று செய்தால் வெளி ஆய்வகச் சோதனை கட்டாயம். இதைப் படித்துவிட்டுப் பெட்டியில் 14+ என்று போட்டேன். ஆனால் முன்பக்கத்தில் எட்டு வயதுப் பையன் வாயைப் பிளந்துகொண்டு சிரிக்கிறான். வெறும் எண்ணைப் பார்த்து அதிகாரிகள் ஏமாற மாட்டார்கள், பொருள் யாரை இழுக்கிறது என்று பார்ப்பார்கள். பொதுமக்களும் அப்படித்தான். பிள்ளைகளுக்கானது என்றால் துணிந்து அப்படியே செய்யுங்கள்: ஐரோப்பாவுக்கு ஈ.என். 71, அமெரிக்காவுக்கு ஏ.எஸ்.டி.எம். எஃப்963, இந்த இரண்டு பொம்மைப் பாதுகாப்புத் தரங்களுக்கும் சோதனை எடுங்கள். குழந்தை விழுங்கி மூச்சடைக்கும் அளவுக்குச் சிறியதா என்று பார்க்கும் சிறு துண்டுச் சோதனை உருளையின் விட்டம் 31.7 மி.மீ., ஆழம் சரிவாக 25.4இலிருந்து 57.1 மி.மீ. வரை. அடித்தட்டு குறுகலான 54 மி.மீ. சிப்பாய் அதற்குள் அடங்கிவிடலாம், பகடை கண்டிப்பாக அடங்கும். மூன்று வயதுக்குக் கீழே கூடாது என்ற எச்சரிக்கை இல்லாமல் அனுப்பவே கூடாது.

சரி, அந்த முதல் மூன்று நாளுக்கு வருகிறேன். கோபப்படுபவர்கள் எல்லோரும் ஒரே கூட்டம் என்று நினைத்து ஒரே பதிலை எழுதினேன். அவர்கள் குறைந்தது நான்கு கூட்டம். பிள்ளைகளுக்குப் போர் பொம்மையே வேண்டாம் என்பவர்கள். போர் பொம்மை பரவாயில்லை, இந்த எதிரியைக் கொண்டாடாதே என்பவர்கள். எதிரியை ஏன் பூசி மெழுகினாய் என்பவர்கள். நான்காவது, போரில் வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்கள். முதல் கூட்டத்தைச் சமாதானப்படுத்தும் வாக்கியம் மூன்றாவது கூட்டத்தைக் கொதிக்க வைக்கும். நான் எழுதிய முதல் பதில் இது: "திருடன் போலீஸ் விளையாடினால் யாராவது திருடனாக இருந்துதானே ஆக வேண்டும்?" எல்லோருக்கும் முதலில் தோன்றும் பதில் இதுதான். 2010இல் மெடல் ஆஃப் ஹானர் வீடியோ விளையாட்டில் தாலிபான் பக்கம் நின்று ஆடலாம் என்று தெரிந்து எதிர்ப்பு கிளம்பியபோது தயாரித்த நிறுவனமும் ஏறக்குறைய இதையே சொன்னது. ஆப்கானிஸ்தானில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிரிட்டனின் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் லியாம் ஃபாக்ஸ் கடைகள் அதை விற்கக் கூடாது என்றார். கடைசியில் அக்டோபர் வெளியீட்டுக்குச் சற்று முன்பு பெயரை "எதிர்ப் படை" என்று மாற்றினார்கள். உடை, ஆயுதம், இடம் எதுவும் மாறவில்லை. திருடன் போலீஸ் வாதம் ஏன் எடுபடாது என்றால், அந்த விளையாட்டில் திருடனுக்குப் பெயர் இல்லை. அவன் கையால் செத்தவரின் அம்மா செய்தித்தாளில் பேசுவதில்லை.

என் இரண்டாவது பதில் "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்று தொடங்கியது. அதை எழுதாதீர்கள். மூன்றாவதுதான் கொஞ்சம் நின்றது, அதில் ஐந்தே வாக்கியம்: பின்பக்கத்தில் என்ன அச்சாகியிருந்தது, அது ஏன் தவறு, எந்தத் தேதியிலிருந்து எந்தப் பெட்டியில் மாறுகிறது, வாங்கியவர் பணமோ மாற்று அட்டையோ எப்படிப் பெறலாம், கேள்வி கேட்க எந்த முகவரி. ஒரே இடத்தில் போட்டு, எங்கு கேட்டாலும் அதற்கே வழிகாட்டினேன். நமக்காக வரிந்து கட்டிக்கொண்டு வருகிறவர்களையும் கவனிக்க வேண்டும். எனக்கு அதிகக் கெடுதல் செய்தது எதிர்த்தவர்கள் இல்லை, "இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் அழுகிறார்கள்" என்று என் பக்கத்தில் வந்து கெட்ட வார்த்தையில் சண்டை போட்ட சில ஆதரவாளர்கள். அதில் இரண்டு பேரின் முகப்புப் படத்தில் இருந்த சின்னத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வார்ஹாமர் என்ற பொம்மைப் படை விளையாட்டைச் செய்யும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்துக்கே 2021இல் இப்படி ஒரு நிலை வந்தது. ஸ்பெயினில் ஒரு போட்டிக்கு நாஜிச் சின்னம் உள்ள உடையில் ஒருவர் வந்து ஆடினார். எங்கள் கதையில் வரும் பேரரசு கேலிக்காகப் படைத்த கொடூரம், அதை மெச்சுகிறவர்களுக்கு இங்கே இடமில்லை என்று நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. நானும் அந்த இருவரையும் நீக்கிவிட்டு, ஏன் நீக்கினேன் என்று ஒரு வரி எழுதினேன். அன்றைக்கே சூடு பாதி இறங்கியது.

விற்பனைத் தளத்தைப் பொறுத்தவரை, பக்கத்தை முடக்கியது மனிதர் இல்லை, படத்தை அலசும் கணினி நிரல். மங்கலச் சுவஸ்திகத்துக்கும் நாஜிகளின் சாய்ந்த கொக்கிச் சிலுவைக்கும் வித்தியாசம் தெரியாத நிரல், கைப்பட்டையில் இருக்கும் நாலு கோட்டை எப்படி எடுத்துக்கொள்ளும்? பதற்றத்தில் வேறு தலைப்பில் அதே பொருளை மறுபடி ஏற்றினேன். அது தவறைவிடப் பெரிய தவறு. தடையைத் தாண்டப் பார்த்ததாகக் கணக்கே உறைந்து, வர வேண்டிய பணமும் நின்றது. அந்த 26 நாளில் பாதிக்கு மேல் இதனால் வந்தது. முடக்கினால் அசையாமல் இருங்கள். ஒரே ஒரு மேல்முறையீடு, அதோடு எல்லாப் பக்கமும் தெரியும் ஆறு படம், சின்னங்களின் அளவு, உள்ளே இருக்கும் தாளின் நகல் அனுப்புங்கள்.

இதற்கிடையே யாரும் எதிர்பார்க்காத மூலையிலிருந்து ஒரு கடிதம். மருத்துவ வண்டியில் வெள்ளைத் தாளில் செஞ்சிலுவை அச்சிட்டிருந்தேன். பெட்டியிலேயே குற்றமற்ற பொருள் அதுதான் என்று நினைத்திருந்தேன். செஞ்சிலுவை மருத்துவத்துக்கான பொதுச் சின்னம் கிடையாது. 1949ஆம் ஆண்டு முதலாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 53ஆவது பிரிவு தனியாரும் வணிகரும் அதைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. போர்க்களத்தில் சுடாதே என்று சொல்லும் சின்னம், கண்ட இடத்தில் போட்டால் அதன் மதிப்பு போய்விடும் என்பது காரணம். பிரிசன் ஆர்கிடெக்ட் என்ற கணினி விளையாட்டில் ஆம்புலன்ஸ் மேல் சில புள்ளி அளவில் இருந்த சிலுவையைக்கூட மாற்றச் சொல்லி பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் கேட்டது, விளையாட்டைச் செய்தவர்களும் பச்சைக்கு மாற்றினார்கள். நீங்களும் பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை போட்டுவிடுங்கள். அச்சுக்குப் போகும் முன் ஐந்து நிமிட வேலை, அச்சான பிறகு 600 தாள் குப்பை.

கடைகள் திருப்பி அனுப்பியதில் எனக்கு வருத்தம் இருந்தது, இப்போது இல்லை. பெரிய நிறுவனங்களுக்கும் இது நடக்கும். லெகோ 2020 ஆகஸ்ட் 1ஆம் தேதி வி-22 ஆஸ்ப்ரே விமானப் பெட்டியை வெளியிட இருந்தது. மீட்புப் பணி விமானம் போல வண்ணம் கொடுத்திருந்தார்கள். ஜெர்மனியின் அமைதி அமைப்பு ஒன்று, இது ராணுவம் மட்டுமே பயன்படுத்தும் விமானம், இன்று நடக்கும் போர்களில் காணும் ஆயுதங்களைச் செய்வதில்லை என்ற உங்கள் கொள்கை என்ன ஆனது என்று கேட்டது. வெளியீட்டை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் சில கடைகளிலிருந்து கொஞ்சம் வெளியேறியிருந்தன, அவை சேகரிப்பாளர்களிடம் பல மடங்கு விலைக்குப் போயின. இரண்டு விஷயம் இதில் இருக்கிறது. போர்க்கருவிக்கு மீட்பு வண்ணம் அடித்தால் கண்டுபிடிக்கப்படும். அனுப்பிய பிறகு நிறுத்தினால் அந்தப் பொருள் காணாமல் போகாது, இன்னும் தேடப்படும். என் பழைய அட்டைப் பெட்டியையும் "அந்தச் சர்ச்சைப் பெட்டி" என்று இரண்டு மடங்கு விலை சொல்லி யாரோ விற்றார்கள். எனக்கு அதில் காலணா கிடையாது.

மீதமிருந்த 448 பெட்டியைச் சரிசெய்த விதம்: சுற்றியிருந்த மெல்லிய உறையை வெட்டி, தாளை மாற்றி, அதிகாரியை எடுத்துவிட்டுச் சாதாரணச் சிப்பாய் ஒன்றைப் போட்டு, பின்பக்கத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி, மறுபடி உறை போட்டுச் சூடுகாட்ட ஒன்றுக்கு நான்கு நிமிடம். ஏறத்தாழ 30 மணி நேரம். முதலில் சாதாரணக் காகித ஒட்டுத்தாள் அடித்தேன். பளபளப்பான அட்டையில் அது இரண்டே நாளில் ஓரம் தூக்கியது. வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் பழைய வரியும் தெரிந்தது, "மறைக்கிறார்கள்" என்று இன்னொரு படம் வந்தது. பின்புறம் சாம்பல் பூச்சுள்ள, ஒளி ஊடுருவாத பிளாஸ்டிக் ஒட்டுத்தாள் கேளுங்கள். மறைக்க வேண்டிய பரப்பைவிட நான்கு பக்கமும் 5 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும்.

இனி எதிரிக்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வி. இதில் நான் படித்ததும் பட்டதும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஒரு வழி, நிறம் மட்டும். 1824இல் பிரஷ்ய ராணுவம் ஏற்றுக்கொண்ட வரைபடப் போர் விளையாட்டிலேயே நீலம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். இன்றும் நேட்டோ வரைபடத்தில் நம்மவர் நீலம், எதிரி சிவப்பு. யாரையும் புண்படுத்தாது, ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குச் "சிவப்பு" மேல் கோபமே வராது. இரண்டாவது, கற்பனை எதிரி. ஜி.ஐ. ஜோ என்ற அமெரிக்கப் பொம்மை 1964இல் நிஜ ராணுவ வீரனாக வந்தது. வியட்நாம் போர் கசந்தபோது 1970இல் அவனைச் சாகசக்காரனாக மாற்றினார்கள். 1982இல் சின்ன அளவில் மறுபடி படைவீரனாக வந்தபோது எதிரியாகக் கோப்ரா என்ற இல்லாத அமைப்பை உருவாக்கினார்கள். வியாபாரத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. மூன்றாவது, காலத் தொலைவு. ஸ்வீடனில் 1979இல் பொம்மை வியாபாரிகளோடு செய்துகொண்ட உடன்பாடு 1914க்குப் பிந்தைய போர்களைக் காட்டும் பொம்மைகளை விற்பதில்லை என்பது. வாளும் கேடயமும் பரவாயில்லை, டாங்கி வேண்டாம். கோடு தன்னிச்சையானதுதான், ஆனால் கோடு என்று ஒன்று இருந்தது. நான்காவது, நிஜப் பெயரோடு நிஜ எதிரி. இதைத் தேர்ந்தால் அவன் செய்ததையும் சொல்லியே ஆக வேண்டும். இப்போது என் விதிப்புத்தகத்தின் இரண்டாம் பக்கம், நகர்வு விதிக்கு முன்னால், அந்த ஆட்சி யார், 60 லட்சம் யூதர்களை எப்படிக் கொன்றது என்று 150 சொல்லில் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லி, தடுக்கிய சொற்களை மாற்றினேன். இன்று நடக்கும் போரை மட்டும் எந்த வழியிலும் தொடாதீர்கள். 2002இல், ஈராக் போருக்குச் சில மாதம் முன்பு, குண்டு துளைத்த ஒரு குடும்ப வீட்டையே படைமுகாமாக்கி ஒரு பொம்மை அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. சுவரில் ஓட்டை, உள்ளே ஆயுதம். அந்த வீட்டில் இருந்தவர்கள் எங்கே என்று யாராவது கேட்கத்தானே செய்வார்கள்?

பெயரைவிட முக்கியம் விதி. வில்லனாக ஆடும் பிள்ளை எதைச் செய்தால் புள்ளி வருகிறது என்று பாருங்கள். என் பழைய விதியில் ஒரு சிப்பாயை வீழ்த்தினால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். இப்போது ஆட்டம் எட்டுச் சுற்று, ஏறக்குறைய 40 நிமிடம். பாலத்தைப் பிடிப்பது 5 புள்ளி, சேதப்படாமல் பின்வாங்கினால் 3. கிராமத்து மக்களைக் குறிக்கும் வட்டுகள் ஆறு உண்டு, யார் சுட்டு ஒரு வட்டு போனாலும் சுட்டவருக்கு 3 கழியும். ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறி மறுபடி ஆடி இரண்டு புள்ளிகளையும் கூட்ட வேண்டும், அதனால் யாரும் எதிரியோடு ஒட்டிக்கொள்வதில்லை. பிறகு 36 சீட்டு சேர்த்தேன். எதிரிப் படையைச் சீட்டே நடத்தும், பிள்ளைகள் இருவரும் ஒரே பக்கம். தம்பியை எப்போதும் தோற்கிற பக்கத்தில் தள்ளும் அண்ணன்களால் வந்த யோசனை இது, நிறையப் பெற்றோர் வாங்குவதும் இந்தச் சீட்டுக்காகத்தான். தொடக்கத்தில் சீட்டைத் தடித்த தாளில் அடிக்காமல் மிச்சம் பிடித்தேன், மூலை மடங்கி எந்தச் சீட்டு வரப்போகிறது என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளுக்குக் கீழே போகாதீர்கள்.

படம் எடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2005இல் ஈராக்கில் ஒரு அமெரிக்கச் சிப்பாயைப் பிடித்து வைத்திருப்பதாக ஒரு படம் இணையத்தில் வந்து, செய்தி நிறுவனங்கள் வரை போனது. பார்த்தால் அது கடையில் விற்ற, "கோடி" என்று பெயர் வைத்த சிப்பாய் பொம்மை. கிட்டத்தில் எடுத்த பொம்மைப் படம் நிஜம் போலவே ஏமாற்றும். என் விளம்பரப் படங்களும் அப்படித்தான்: புகை, சாய்ந்த வெளிச்சம், தரைமட்டக் கோணம். இப்போது ஒவ்வொரு படத்திலும் பகடையோ கைவிரலோ ஓரத்தில் தெரிய வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அட்டை அச்சுக்குப் போகும் முன் ஆறு பக்கத்தையும் தனித்தனியாகப் படம் எடுத்து, எந்த விளக்கமும் இல்லாமல் விளையாட்டோடு சம்பந்தமில்லாத ஐந்து பேருக்கு அனுப்புகிறேன். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இது எதைப் பற்றியது என்று சொல்லச் சொல்வேன். பெட்டி முழுவதையும் யாரும் பகிர்வதில்லை, ஒரு பக்கத்தைத்தான் பகிர்வார்கள். கடைசிச் சுற்றில் ஒருவர் "பாலம் கட்டும் விளையாட்டா?" என்று கேட்டார். சிரிப்பாக இருந்தாலும் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டேன்.

அந்த அதிகாரியை இரண்டாம் பதிப்பில் திரும்பக் கொண்டுவர நினைக்கிறேன். கோட்டை இடுப்போடு வெட்டி, ஒரு காலை மண்டியிட வைத்து, கையில் வரைபடம் கொடுத்துச் செதுக்கியாயிற்று. கைப்பட்டை வழவழப்பாக இருக்கிறது. உயரம் குறைந்ததில் தொப்பி மட்டும் காளான் மாதிரி பெரிதாகத் தெரிகிறது. அதில் ஒரு மி.மீ. குறைத்துவிட்டு அச்சுக்குக் கொடுக்க வேண்டும், இந்த முறை தனிச் செருகு துண்டாக.